இறுகிப்போன மேன்ஹோல் மூடி: எண்ணெயா, கடப்பாரையா, திருகுக் கம்பியா?

மலேசியாவில் கோலாலம்பூரின் செந்தூல், கெப்போங், செராஸ் பக்கத்துப் பழைய தெரஸ் வீடுகளில் கழிவுநீர்க் குழாயின் சோதனைத் தொட்டி பெரும்பாலும் கார் போர்ச்சுக்கு அடியிலோ சமையலறைக்குப் பின்னாலோ இருக்கும். அடைப்பு எடுக்கக் கம்பி விட வேண்டுமானால் முதலில் அதன் மூடியைத் திறக்க வேண்டும். பல ஆண்டுகளாக யாரும் தொடாத மூடி அவ்வளவு எளிதில் அசையாது. தீபாவளிப் பலகாரம் சுட்ட எண்ணெய் குழாயில் இறங்கியிருக்கும், பிற்பகல் மழையும் கொட்டும் அக்டோபர், நவம்பர் மாதங்களில் தண்ணீர் பின்னோக்கி எகிறி வந்தால், உடனே கடப்பாரையைத் தேடத் தோன்றும். அதுதான் டைல்ஸ் உடையவும் மூடியில் விரிசல் விழவும் காரணமாகிறது.

வழிகள் ஐந்தாறு உண்டு. எதைத் தேர்ந்தெடுப்பது என்பதைக் கையிலுள்ள பலம் தீர்மானிக்கக் கூடாது. மூடியைப் பிடித்துக்கொண்டிருப்பது எது என்பதே தீர்மானிக்க வேண்டும்.

முதலில் மூடி யாருடையது என்று பாருங்கள். வீட்டு வேலிக்குள் இருக்கும் சோதனைத் தொட்டியும், அங்கிருந்து பொதுக் குழாய் வரை போகும் இணைப்பும் வீட்டுக்காரரின் பொறுப்பு. சாலையிலோ பின்சந்திலோ இருக்கும் பொதுக் கழிவுநீர் மேன்ஹோல் நாட்டின் கழிவுநீர் நிறுவனமான இண்டா வாட்டரைச் சேர்ந்தது. அதைத் திறப்பது உங்கள் வேலையல்ல; திறந்தால் நேரும் விபத்துக்கு மட்டும் நீங்கள் பொறுப்பாவீர்கள். இண்டா வாட்டருக்குப் புகார் கொடுத்துவிட்டுக் காத்திருங்கள்.

எது பிடித்திருக்கிறது?

பழைய ஹாக்சா பிளேடு ஒன்றை எடுத்து, மூடிக்கும் அது அமரும் சட்டத்துக்கும் நடுவே உள்ள இடுக்கில் நான்கு பக்கமும் இழுத்துப் பாருங்கள். பிளேடு இரண்டு செ.மீ. இறங்கி, கறுத்த சேறும் மணலுமாக வந்தால் மூடியைப் பிடித்திருப்பது வெறும் அழுக்கு. பழுப்புச் செதில்கள் உதிர்ந்து, சிறிது ஆழத்திலேயே பிளேடு முட்டினால் துரு. சாம்பல் நிறத்தில், கீறினாலும் கோடு மட்டும் விழுந்தால் சிமெண்ட் கலவை; போர்ச்சுக்கு டைல்ஸ் ஒட்டியபோது கொத்தனார் இடுக்கையும் சேர்த்துப் பூசிவிட்டிருப்பார். இடுக்கே கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் மூடி மேலேயே டைல்ஸ் போட்டிருக்கலாம். டைல்ஸைச் சுத்தியல் பிடியால் தட்டிக்கொண்டே போனால் தொட்டிக்கு மேலே ஒலி மாறிக் காட்டிக்கொடுக்கும்.

துரு ஏன் இத்தனை வலுவாகப் பிடிக்கிறது? இரும்பு துருவாகும்போது அதன் கொள்ளளவு பல மடங்கு பெருகும். சட்டத்துக்கும் மூடிக்கும் நடுவே இரண்டு மி.மீ. இடைவெளி இருந்தாலும் அது உள்ளிருந்து நிரம்பி ஆப்பு அடித்தது போல் இறுகிவிடும். பினாங்கில் தஞ்சோங் தோக்கோங், பத்து மாவுங் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக் காற்று இதை இன்னும் விரைவாக்கும்.

எடையையும் கணக்கில் கொள்ளுங்கள். கான்கிரீட் ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 2,400 கிலோ. இரண்டடிக்கு இரண்டடி, மூன்று அங்குலக் கனமுள்ள பலகை 65 கிலோவை நெருங்கும். வார்ப்பிரும்பு மூடியின் எடை தரத்துக்குத் தரம் மாறும். கார் ஏறக்கூடிய வகை எதையும் ஒருவர் தனியாகத் தூக்க முயலக் கூடாது. மூடி இறுகியிருப்பதாகத் தோன்றும் பல இடங்களில் உண்மைக் காரணம் எடை மட்டுமே.

சுத்தம் செய்வது

எந்த வழியைத் தேர்ந்தாலும் இது முதலில் நடக்க வேண்டும். ஹாக்சா பிளேடு, மெல்லிய தட்டைத் திருப்புளி, பழைய கம்பித் தூரிகை இவை போதும். நான்கு பக்கமும் சட்டத்தின் அடித்தளம் தட்டுப்படும் வரை தோண்டி எடுத்து, தூசி உறிஞ்சியால் இழுத்துவிடுங்கள். தண்ணீர் பீய்ச்சினால் மணல் மறுபடி அடிக்கே போய்ப் படியும். மூடியைத் தூக்கும் சாவியை மாட்டுவதற்கான சாவித் துளைகளையும் குடைந்து சுத்தம் செய்யுங்கள். அவற்றின் அடியில் குறுக்குக் கம்பி இருக்கிறதா, துளை கீழே திறந்திருக்கிறதா என்பதைக் கம்பியை வளைத்து விட்டுத் தடவிப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். பின்னால் இந்தத் தகவல் தேவைப்படும். அழுக்கு மட்டுமே பிடித்திருந்த மூடி இந்தக் கட்டத்திலேயே இரண்டு தூக்குச் சாவிகளுக்கு அசைந்து கொடுக்கும்.

எண்ணெய் விடுவது

துருவுக்கு மட்டுமே எண்ணெய் உதவும். மணல் நிரம்பிய இடுக்கில் ஊற்றினால் மணல் உறிஞ்சிக்கொள்ளும். சிமெண்டுக்கு அது ஒன்றுமே செய்யாது. கடையில் டபிள்யூடி-40 கேட்டால் வழக்கமான நீல டப்பாவைக் கொடுப்பார்கள். லேசான துருவுக்கு அது போதும். கெட்டியான துருவுக்குத் துருவினுள் ஊடுருவும் எண்ணெய் என்று தனியாக விற்பதை வாங்குவது மேல்.

இரண்டடிச் சதுர மூடியின் சுற்றளவு 2.4 மீட்டர். ஒரு முறைக்கு ஏறக்குறைய 100 மி.லி. போதும். மாலையில் ஒரு முறை, இரவு படுக்கப் போகும் முன் ஒரு முறை, விடியற்காலையில் ஒரு முறை விடுங்கள். டைல்ஸ் ஓரத்தில் அகலமான ஒட்டுநாடா போட்டால் கறை பிடிக்காது. மழை வரும் நாளில் விட்டால் எண்ணெய் முழுவதும் கழுவப்பட்டுக் குழாய்க்குள்தான் போகும். அசிட்டோன் கலந்து வீட்டிலேயே தயாரிக்கும் கலவைகளை இங்கே தவிர்த்துவிடுங்கள். கழிவுநீர்த் தொட்டியில் மீத்தேன் இருக்கலாம், அதன்மேல் எளிதில் தீப்பற்றும் ஆவியைச் சேர்க்கக் கூடாது. அதே காரணத்தால் நெருப்பு ஊதியால் சூடாக்கும் யோசனையும் வேண்டாம்.

விடியற்காலையைத் தேர்ந்தெடுக்க இன்னொரு காரணமும் உண்டு. நண்பகல் வெயிலில் காயும் இரும்பு மூடி விரிகிறது. தரையில் புதைந்த சட்டம் அந்த அளவு சூடாவதில்லை. 600 மி.மீ. அகல மூடி சட்டத்தைவிட 20 பாகை கூடுதலாகச் சூடானால் பத்தில் ஒரு மி.மீ.க்கும் சற்று மேலே அகலும். சிறு அளவுதான், ஆனால் ஏற்கெனவே இறுகிய மூடிக்கு அதுவே பெரிது. கூரையில்லாத போர்ச்சில் இந்த வேறுபாடு நன்றாகவே தெரியும்.

தட்டுவது

வார்ப்பிரும்பு நொறுங்கும் தன்மையுள்ளது. சம்மட்டியை ஓங்கி மூடியின் நடுவே அடித்தால் விரிசல் விழும். நான்கு பவுண்டு சுத்தியலும் ஒரு கெட்டியான மரக்கட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். கட்டையை மூடியின் ஓரத்தில், சட்டத்தின் மேல் அமரும் பகுதிக்கு நேர் மேலே வைத்து, ஒரு சாண் இடைவெளியில் சுற்றிவரத் தட்டுங்கள். பலத்த அடி நான்கைவிட நடுத்தர அடி நாற்பது பலன் தரும். அதிர்வுதான் துருவை உடைக்கிறது, எண்ணெய்க்கும் வழி விடுகிறது. ரப்பர் சுத்தியல் அதிர்வை விழுங்கிவிடுவதால் இந்த வேலைக்கு ஆகாது. கான்கிரீட் பலகையைத் தட்டவே வேண்டாம். உள்ளே துருப்பிடித்த கம்பி இருந்தால் அடிப்பக்கம் பெயர்ந்து விழும்.

கடப்பாரை

ஐந்தடிக் கடப்பாரையின் வலு கணக்குப் போட்டால் புரியும். நுனியிலிருந்து பத்து செ.மீ. தள்ளித் தாங்குகட்டை வைத்து மறுமுனையை 20 கிலோ விசையில் அழுத்தினால் நுனியில் 280 கிலோ தூக்கும் விசை கிடைக்கும். ஆனால் தாங்குகட்டை நிற்கும் இடத்தில் 300 கிலோ இறங்குகிறது. அடியில் வெற்றிடம் விட்டு ஒட்டிய டைல்ஸ் அங்கேயே உடையும். தாங்குகட்டைக்கு அடியில் ஓரடிச் சதுரத்துக்குக் குறையாத கனமான பிளைவுட் போட்டால் ஓரளவு தப்பிக்கலாம்.

அதைவிடப் பெரிய குறை ஒன்று இருக்கிறது. கடப்பாரை ஒரு ஓரத்தை மட்டும் தூக்குகிறது. மூடி சாயும்போது எதிர் ஓரம் சட்டத்தில் போய்க் குத்தி இன்னும் இறுகும். சாவித் துளையின் உதடு உடைவதும் இதனால்தான். நுனி நுழைய இடம் வேண்டும் என்பதற்காக மூடியின் ஓரத்தையே உளியால் சிதைப்பவர்களும் உண்டு; அந்த ஓரத்தின் வழியாகத்தான் பின்னால் நாற்றமும் கரப்பானும் கொசுவும் வரும்.

அழுக்கு மட்டும் பிடித்த மூடிக்கும், ஏற்கெனவே விடுபட்ட மூடியை ஓர் அங்குலம் உயர்த்துவதற்கும் கடப்பாரை மிக நல்ல கருவி. துருப் பிடித்த மூடியை விடுவிக்க அதை முதல் வழியாகக் கொள்ள வேண்டாம்.

திருகுக் கம்பிப் பாலம்

இறுகிய இரும்பு மூடிக்கு எங்கள் தேர்வு இதுதான். அதிகம் பேர் இதை முயல்வதில்லை, ஆனால் செலவும் சேதமும் குறைவு. தத்துவம் எளிது: மூடிக்கு மேலே ஒரு குறுக்குச் சட்டம், மூடியில் மாட்டிய திருகுக் கம்பி, நட்டைத் திருகத் திருக மூடி நேர் மேலே இழுக்கப்படும்.

தேவையானவை: ஓரடி நீள எம்12 (12 மி.மீ. விட்டம்) திருகுக் கம்பி இரண்டு, ஒவ்வொன்றுக்கும் நட்டு நான்கு, பெரிய வாஷர்கள், நான்கு அடி நீளமுள்ள 50 மி.மீ. சதுர இரும்புக் குழாய் அல்லது இரண்டுக்கு நாலு அங்குலக் கெட்டி மரச்சட்டம், இரு பக்கமும் தாங்க நாலுக்கு நாலு அங்குல மரக்கட்டைகள், 19 மி.மீ. ஸ்பேனர். ஹார்ட்வேர் கடையில் எல்லாமே கிடைக்கும். திருகுக் கம்பியை அங்கேயே வெட்டியும் தருவார்கள். சீனப் புத்தாண்டை ஒட்டிய நாள்களில் கடைகள் மூடிக் கிடக்கும் என்பதால் அதற்கு முன்பே வாங்கி வையுங்கள்.

சாவித் துளை கீழே திறந்திருந்தால், துளையின் அகலத்துக்குள் நுழையும் தட்டை இரும்புத் துண்டு ஒன்றில் 13 மி.மீ. துளையிட்டுக் கம்பியின் அடியில் இரண்டு நட்டுகளுக்கு நடுவே பூட்டுங்கள். நீளவாக்கில் இறக்கி, அடியில் போனதும் குறுக்கே திருப்பினால் அது கவ்விக்கொள்ளும். துளையின் அடியில் குறுக்குக் கம்பி உள்ள கிண்ண வகையாக இருந்தால் கொக்கி போல் வளைந்த போல்ட்டை மாட்டுங்கள். மரக்கட்டைகளை மூடியின் சட்டத்துக்கு வெளியே வையுங்கள். சட்டத்தின் மேலேயே வைத்தால் சட்டத்தின் மீது சுமை இறங்கும், கட்டை நழுவவும் கூடும். குறுக்குச் சட்டத்தை இரண்டு சாவித் துளைகளுக்கும் நேர் மேலே படியுமாறு வையுங்கள். மரச்சட்டமானால் குறுகிய பக்கம் கீழே இருக்குமாறு நிமிர்த்தி நிறுத்த வேண்டும். படுக்கையாகப் போட்டால் வளையும்.

எம்12 கம்பியின் புரி இடைவெளி 1.75 மி.மீ. ஆகவே நட்டை ஒரு சுற்றுச் சுற்றினால் மூடி அந்த அளவே உயரும். இரண்டு பக்கமும் மாறி மாறிக் கால் சுற்றாகத் திருகுங்கள். கை நன்றாக இறுகியதும் நிறுத்திவிட்டு, மேலே சொன்னபடி மரக்கட்டை வைத்து ஓரங்களைச் சுற்றித் தட்டுங்கள். மறுபடி கால் சுற்று, மறுபடி தட்டல். அசையாவிட்டால் அந்த இழுவையிலேயே எண்ணெய் விட்டு இரவு முழுவதும் விட்டுவிடுங்கள். இழுவையும் அதிர்வும் எண்ணெயும் ஒன்றாகச் சேரும்போது கிடைக்கும் பலன் இவற்றில் எதைத் தனியாகச் செய்தாலும் கிடைக்காது. துரு உடையும்போது ஒரு சத்தத்தோடு மூடி ஒன்றிரண்டு மி.மீ. எழும்பும், கம்பி குறைவாகவே நீண்டிருப்பதால் எகிறிப் பாயாது. ஸ்பேனரில் குழாய் மாட்டி நீட்டித் திருகாதீர்கள். அந்த நிலை வந்துவிட்டால் மூடியைப் பிடித்திருப்பது துரு மட்டுமல்ல, இடுக்கை மறுபடி பாருங்கள்.

குறுக்குச் சட்டத்தின் இரு முனைகளுக்கும் அடியில் கார் ஜாக்கி வைத்து உயர்த்துவது இதே வழியின் இன்னொரு வடிவம். வலு அதிகம். ஆனால் ஜாக்கி சரிந்தால் சட்டம் முகத்துக்கு வரும், இரண்டையும் சமமாக உயர்த்த இருவர் வேண்டும். சங்கிலி மாட்டிக் காரால் இழுப்பதை ஒருபோதும் செய்யாதீர்கள். அறுந்த சங்கிலி உயிரைப் பறிக்கும்.

சிமெண்ட் பூசியிருந்தால்

எண்ணெயும் இழுவையும் வீண். கலவையை வெட்டித்தான் ஆக வேண்டும். நாலங்குலக் கிரைண்டரில் வைரப் பிளேடு மாட்டினால் அரை மணி நேர வேலை. தூசி நுரையீரலுக்குக் கேடு என்பதால் சாதாரணத் துணி முகமூடி போதாது, என்95 வகை வேண்டும். பிளேடு இரும்பில் பட்டால் தீப்பொறி பறக்கும். சாவித் துளைகளை ஈரத் துணியால் அடைத்து, 10 மி.மீ. ஆழத்துக்கு மேல் போகாமல் சட்டத்தின் உள்கோட்டை ஒட்டி வெட்டி, மீதியை மெல்லிய உளியால் கையாலேயே எடுங்கள். பொறி பறப்பதே வேண்டாம் என்றால் அதிரும் மல்டி டூலில் கார்பைடு பிளேடு மாட்டி வெட்டலாம். நேரம் பல மடங்கு ஆகும், ஆனால் டைல்ஸ் ஓரம் பிசிறாது. விலையுயர்ந்த டைல்ஸ் என்றால் இதையே தேர்ந்தெடுங்கள்.

டைல்ஸ் ஓரம் உடைந்தால் மாற்றுவதற்கு மீதி டைல்ஸ் வீட்டில் இருக்கிறதா என்பதை வெட்டத் தொடங்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.

ஆசிட் ஊற்றிச் சிமெண்டைக் கரைக்கலாம் என்ற யோசனை அடிக்கடி வரும். ஹைட்ரோகுளோரிக் ஆசிட் சிமெண்டைக் கரைக்கும், உண்மை. கூடவே சட்டத்தையும், டைல்ஸ் கலவையையும், தொட்டியின் சுவரையும் அரிக்கும். அடைப்புக்காக ஏற்கெனவே குளோரின் பிளீச் ஊற்றியிருந்தால் நச்சு வாயு கிளம்பும். வேண்டாம்.

கான்கிரீட் பலகையும் பழைய செப்டிக் தொட்டியும்

கான்கிரீட் பலகையில் பதித்த இரும்பு வளையம்தான் முதலில் துருப்பிடித்து அறுந்துபோகும். பலகை நல்ல நிலையில் இருந்தால் 12 மி.மீ. துளை நான்கு போட்டு, துளைக்குள் விரிந்து பிடிக்கும் ஆங்கர் போல்ட்டும் கண் நட்டும் மாட்டலாம். ஓரத்திலிருந்து பத்து செ.மீ.யாவது தள்ளித் துளையிடுங்கள், ஆழம் 50 மி.மீ. போதும். பலகையில் விரிசலோ கம்பி தெரியும் உடைசலோ இருந்தால் தூக்க முயலாமல் மாற்றிவிடுவதே சரி.

தனி செப்டிக் தொட்டி உள்ள வீடுகளில் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையாவது கசடு எடுக்க வேண்டும். மூடி திறக்கவில்லை என்பதற்காக அதைத் தள்ளிப்போடும் வீடுகள் உண்டு. பழைய செப்டிக் பலகையின் மேல் ஏறி நின்று நெம்பாதீர்கள். உள்ளிருந்து வரும் வாயு கான்கிரீட்டை அடியிலிருந்து அரித்திருக்கும், மேலே பார்த்தால் தெரியாது. இந்த வேலையை ஆள் வைத்துச் செய்வதே எங்கள் தீர்மானமான கருத்து.

எப்போது உடைத்து மாற்றுவது?

மூடியில் விரிசல், சட்டத்தின் உதடு தின்றுபோனது, இரு சாவித் துளைகளும் உடைந்தது: இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் விடுவிக்கப் பாடுபடுவது வீண். சட்டத்தோடு கொத்தி எடுத்துப் புதியது வையுங்கள். ஐரோப்பியத் தரமான இஎன் 124-இன்படி ஏ15 நடைபாதைக்கு, பி125 கார் நிறுத்துமிடத்துக்கு. எண் சோதனைச் சுமையைக் கிலோநியூட்டனில் குறிக்கிறது. 125 என்றால் ஏறத்தாழ 12.7 டன். போர்ச்சுக்கு ஏ15 மலிவாக இருக்கிறதே என்று வாங்கினால் காரின் சக்கரம் ஏறியே விரிசல் விடும். ஃபைபர் மூடிகளுக்கு எடை குறைவு, துருப்பிடிக்காது, பழைய இரும்பாக விற்க முடியாததால் திருடர்களும் தூக்கிப் போக மாட்டார்கள். பினாங்குக் கடலோரத்துக்கு அதுவே ஏற்றது. புதுச் சட்டத்தைக் கலவையில் பதித்தபின் ஏழு நாள்களாவது கார் ஏற்ற வேண்டாம்.

ஆள் கூப்பிடுவதானால் மூன்று கேள்விகளை முன்கூட்டியே கேளுங்கள்: கட்டணம் மூடியைத் திறப்பதற்கு மட்டுமா, அடைப்பு எடுப்பதையும் சேர்த்தா? டைல்ஸ் உடைந்தால் யார் பொறுப்பு? மூடி உடைந்தால் அன்றைக்கே தற்காலிக மூடி போடுவார்களா?

திறந்த பிறகு

தூக்கி எடுக்காதீர்கள். ஓர் ஓரம் ஓர் அங்குலம் எழும்பியதும் மரத்துண்டைச் செருகி, அடியில் இரண்டு குழாய்த் துண்டுகளை உருளையாக வைத்துத் தள்ளுங்கள். இடுக்குக்குள் விரலை எந்த நிலையிலும் விடக் கூடாது. எலிச் சிறுநீர்க் காய்ச்சல் இந்த நாட்டில் உண்டு; கையில் சிறு காயம் இருந்தாலும் ரப்பர் கையுறை மேல் தோல் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். திறந்ததும் அரை மணி நேரம் விலகி நில்லுங்கள், குனிந்து முகத்தை உள்ளே நீட்டாதீர்கள். ஹைட்ரஜன் சல்ஃபைடு முதலில் அழுகிய முட்டை போல் நாறும், அளவு கூடினால் மூக்கே மரத்துப்போகும். நாற்றம் நின்றுவிட்டது என்பது ஆபத்து நீங்கியதற்கு அடையாளமல்ல. உள்ளே எது விழுந்தாலும் யாரும் இறங்கக் கூடாது.

மூடியை மறுபடி வைக்கும் முன் சட்டத்தின் அமர்தளத்தைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, நீர்புகாக் கிரீஸை மெல்லிய படலமாகச் சுற்றிலும் பூசுங்கள். நாற்றத்தையும் கொசுவையும் அதுவே தடுக்கும். சாவித் துளைகளிலும் கொஞ்சம் அடைத்து வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை தூக்குச் சாவியால் ஓர் அங்குலம் உயர்த்தி இறக்கினால் மறுபடி இறுகாது. அடுத்து எப்போது போர்ச்சுக்கு டைல்ஸ் மாற்றினாலும் மூடியைச் சுற்றி ஐந்து மி.மீ. இடைவெளி விட்டு, அதைக் கலவைக்குப் பதிலாக சிலிக்கானால் நிரப்பச் சொல்லுங்கள். டைல்ஸே உள்ளே பதியும் தட்டு வகை மூடி வாங்கினால் தரையோடு தரையாகவும் இருக்கும், கத்தியால் கீறித் திறக்கவும் முடியும்.